மூலையில் ஒரு நாய்

ஜூலை 15, வெள்ளி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, வேறு யாரிடமும் காட்டாதீர்கள். வார்டனிடம் காட்டாதீர்கள். பியூலா டீச்சரிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்துத்தான் ஆக வேண்டுமென்றால் நீங்கள் மட்டும் படித்துவிட்டு எரித்துவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். பதினொன்றாம் வகுப்பு. விடுதியின் பெட்டி அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பது பேருடைய தகரப் பெட்டிகளும் இங்கேதான் அடுக்கிக் கிடக்கின்றன. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. ஒன்பது மணிக்கு விளக்கணைத்த பிறகு இங்கே வரக்கூடாது என்பது சட்டம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று என்னைத் திருடி என்று சொன்னார்கள்.

ஓவியப் பாடம் எடுத்திருப்பவர்கள் நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் ஒரு பட நோட்டு வைத்திருக்க வேண்டும். வியாழன்தோறும் சாயங்காலம் பியூலா டீச்சர் எங்களைப் பக்கத்துத் தெரு வாசகசாலைக்குக் கூட்டிப் போவார். அங்கே உள் கூடத்தில் ‘கஞ்சித் தொட்டி’ என்று பஞ்ச காலத்தைப் பற்றிய ஒரு பெரிய பழைய ஓவியம் மாட்டியிருக்கிறது. யார் வரைந்தது என்று தெரியாது. இருபது நிமிஷம் வெறும் கையோடு நின்று பார்க்க வேண்டும். பென்சில் கூடாது, நோட்டு கூடாது. திரும்பி வந்து ஞாபகத்திலிருந்து இடப்பக்கத்தில் வரைய வேண்டும். அடுத்த வாரம் மறுபடி பார்த்துவிட்டு, எதையெல்லாம் தப்பாக வரைந்தோம் என்று வலப்பக்கத்தில் சிவப்பு மையால் எழுத வேண்டும். கண் முதலில் எங்கே போகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கவில்லை, படத்தில் எது இல்லை. இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும்.

இன்று டீச்சர் என் நோட்டையும் ஜெனிட்டாவின் நோட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். படத்தில் வரிசையில் நிற்கும் பெண்கள் ஏழு பேர். நான் ஆறு பேர் வரைந்திருந்தேன். அவளும் ஆறு. கஞ்சி ஊற்றுகிறவன் அகப்பையை இடது கையில் பிடித்திருக்கிறான். நான் வலது கையில் வரைந்திருந்தேன். அவளும் வலது கை.

டீச்சர் சொன்னார்: “ரெண்டு பேரு ஒண்ணு போல சரியா வரையலாம். ஒண்ணு போல தப்பா வரைய முடியாது. யாரு யாரைப் பாத்து வரைஞ்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனிட்டா எழுந்து நின்று, “என்னுது நான் வரைஞ்சதுதான் டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்தின் பரிசெல்லாம் அவளுக்குத்தான். பிரார்த்தனைக் கூடத்துச் சுவரில் இருக்கும் மயில் அவள் வரைந்தது. அவள் என்னைப் பார்த்து வரைவாளா என்ன. யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை.

என் பக்கங்களின் குறுக்கே டீச்சர் கோடு போட்டார். எல்லோர் முன்னாலும் நான் ஜெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு அவள் அழுவாள். நான் அழுத மாதிரி, எல்லோர் முன்னாலும்.

ஜூலை 17, ஞாயிறு

வார்டன் கூப்பிட்டார். இன்னொரு புகார் வந்தால் அம்மாவை வரச்சொல்லி டி.சி. கொடுத்துவிடுவார்களாம். அம்மாவோடு ஐந்து நிமிஷம் போனில் பேச விட்டார்கள். அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வெயிலில் கால் வெடித்துப் போயிருக்கிறது என்று சொன்னாள். நான் நன்றாக இருக்கிறேன் என்றேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் நான் நுழைந்ததும் மெர்சி, “ஏட்டி, அவளவ பென்சில எண்ணி வச்சுக்கோங்க, பேச்சி வாறா” என்றாள். மெர்சி ஜெனிட்டாவின் வால். எங்கே போனாலும் இருவரும் கை கோத்துக்கொண்டுதான் போவார்கள், மாப்பிள்ளை பெண் போல. எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை. அவள் சிரிக்கக்கூட எனக்குத் தகுதியில்லை போலிருக்கிறது.

ஜூலை 21, வியாழன்

வாசகசாலை. கூடத்துக்கு ஒரே ஜன்னல். சாயங்காலம் அதிலும் வெளிச்சம் வராது. மேலே மஞ்சள் பல்பு ஒன்று. இன்று பழைய தப்பையெல்லாம் சரிபார்த்தேன்.

இடப்பக்கம் கல் தொட்டி. தலைப்பாகைக்காரன் கஞ்சி ஊற்றுகிறான். வெளிச்சம் முழுவதும் கஞ்சியின் வெள்ளையில்தான். கண் முதலில் அங்கே போகிறது. பிறகு வரிசை வழியாக ஒவ்வொரு முகமாக வலப்பக்கம் வருகிறது. கடைசிப் பெண்ணுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. வலது கீழ் மூலையில் காய்ந்த மண் மட்டும்தான். கண் அங்கே போய் விழுகிறது.

திரும்பி வரும்போது வாசல் படியில் ஜெனிட்டா என் காலை நன்றாக மிதித்துவிட்டாள். விரல் நகம் பெயர்ந்துவிட்டது. குனிந்துகூடப் பார்க்காமல் மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். மண்ணை மிதித்தால்கூட மனிதர்கள் கீழே பார்ப்பார்கள்.

ஜூலை 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் எல்லோரும் துவைக்கும் கல்லில் இருந்தோம். ஜெனிட்டா தலைவலி என்று படிப்பு அறையிலேயே இருந்தாள். எங்கள் நோட்டெல்லாம் அங்கே அலமாரியில்தான் இருக்கும். சோப்பு எடுக்கப் போகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வெயில் விழுகிற இடத்தில் நின்று என் நோட்டை விரித்து வைத்திருந்தாள். மூக்கு தாளில் படுகிற மாதிரி, மோந்து பார்ப்பதைப் போலப் பிடித்திருந்தாள். அவ்வளவு ஆசை என் எழுத்தின்மேல்.

ஓடிப்போய் டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? திருடி இன்னொருத்தியைத் திருடி என்கிறாள் என்பார்கள்.

நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்த் துணியை அலசினேன். அலசிக்கொண்டே யோசித்தேன். ஒன்று போலத் தப்பாக வரைய முடியாது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவளுக்குச் சொந்தமாக ஒரு தப்பு கொடுக்க வேண்டும்.

ஜூலை 25, திங்கள்

இனி எனக்கு இரண்டு பட நோட்டு. நிஜ நோட்டு என் பெட்டியில், பாவாடைக்கு அடியில். இன்னொன்று அலமாரியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

ஜூலை 28, வியாழன்

அலமாரி நோட்டில் நாய் வரைந்தேன்.

வலது கீழ் மூலையில், காய்ந்த மண்ணில் படுத்திருக்கிற நாய். எங்கள் அளத்துக் காவல்காரரின் நாயை நினைத்து வரைந்தேன். விலா எலும்பு எண்ணலாம். முன்னங்கால்மேல் முகவாயை வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்கிறது. பக்கத்தில் எழுதினேன்: “படத்தில் எல்லோரும் கஞ்சியைப் பார்க்கிறார்கள். நாய் மட்டும் மனிதர்களின் கையைப் பார்க்கிறது. பசியில் மனிதனும் நாயும் ஒன்று என்கிறார் ஓவியர்.” எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. நம்பாமல் இருக்க முடியாது.

இவ்வளவு அழகாக ஒரு பொய்யை நான் எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 31, ஞாயிறு

இன்றும் அவளுக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 4, வியாழன்

பியூலா டீச்சர் அறிவித்தார். பதினெட்டாம் தேதி சென்னையிலிருந்து அம்பலவாணன் என்ற ஓவியர் வருகிறார். படத்துக்கு முன்னாலேயே எல்லோருடைய நோட்டையும் திறந்து கேள்வி கேட்பார். ஒருத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, காலாண்டு விடுமுறையில் பத்து நாள் சென்னையில் அவருடைய ஓவியப் பட்டறைக்குக் கூட்டிப் போவார். அங்கே நன்றாகச் செய்தால் நுண்கலைக் கல்லூரிக்கு அவரே கடிதம் கொடுப்பாராம். அதுவரை யார் நோட்டையும் தொட மாட்டேன், ஜூலையில் பட்டது போதும் என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் பன்னிரண்டாவது முடித்ததும் அம்மாவோடு அளத்துக்குத்தான். ஆனால் நிஜத்தைச் சொல்கிறேன், அதைவிட அவளுக்கு அது கிடைக்கக் கூடாது என்பதுதான் பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இருட்டுகிற நேரத்தில் துவைக்கும் கல்லில் நான் தனியாக இருந்தபோது ஜெனிட்டா வந்தாள். மெர்சி இல்லை. ஜூலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இன்றுதான்.

“ஏட்டி பேச்சி, அந்தப் படத்துல என்னெல்லாம் இருக்குன்னு ஒரு தடவ சொல்லேன்.”

“வாரா வாரம் நீயும்தான வாற.”

“வாறேன். இருந்தாலும் நீ சொன்னா நல்லாருக்கும். நீ சொல்லும்போது படம் மாதிரி தெரியும்.”

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். துணியைக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டுச் சொன்னேன். தொட்டி இருக்கிறது, தலைப்பாகைக்காரன் இருக்கிறான், ஏழு பெண்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நிறுத்தினேன்.

“நாயி?” என்று கேட்டாள்.

“ஆமா. நாயும் இருக்கு.”

“மூலைலதான?”

“மூலைலதான்.”

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். போகிற வழியில் வாளியில் இடித்துக்கொண்டாள். அந்த வாளியை நான் நடுவழியில் வைக்கவில்லை. அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

எனக்கு அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனிட்டா சாம்பார் வாளியைத் தட்டிவிட்டாள். கொழுப்பு.

ஆகஸ்ட் 11, வியாழன்

இன்று ஒன்று தெரிந்தது. வரிசையில் பெண்கள் ஏழு. ஒவ்வொருத்திக்கும் காலடியில் ஒரு மண்பானை. நான் பானைகளை எண்ணினேன். எட்டு இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன். ஏழாவது பெண்ணுக்கு அப்புறம், அந்த வெறும் மண்ணை ஒட்டி, ஆள் இல்லாத ஒரு பானை நிற்கிறது. நிறமும் மண் நிறம்தான் என்பதால் இத்தனை வாரம் என் கண்ணுக்குப் படவில்லை.

திரும்பி வந்து நிஜ நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அந்த இடத்தில்தான் நான் நாயைப் படுக்க வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, புதன்

பயமாக இருக்கிறது. அலமாரி நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் நான் செத்தேன். விடிந்ததும் சமையற்கட்டில் தண்ணீர் காய வைக்கிற அடுப்பில் போட்டுவிட வேண்டும். சமையல்கார அக்கா மாவாட்டப் போகிற நேரம் எனக்குத் தெரியும்.

இன்னும் நிறுத்தலாம். காலையில் ஜெனிட்டாவிடம் போய், அடியே அந்த நாயை அழி என்று சொன்னால் போதும்.

சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 18, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நோட்டை எரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு வாசகசாலை. அம்பலவாணன் சார் ஒல்லியான மனிதர். மெல்லப் பேசுகிறார். ஜெனிட்டாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். கையெழுத்தும் கோடும் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அவள் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். பசியில் மனிதனும் நாயும் ஒன்று. என் வரிகள். ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

“இந்த நாய் எங்கம்மா இருக்கு?”

“வலது பக்கம் கீழ் மூலைல சார்.”

“காட்டு பாப்போம்.”

நான் அவளுக்கு அடுத்து நின்றேன். ஒரு முழம் தூரம். அவள் கையைத் தூக்கி நீட்டினாள். “அந்தா சார். படுத்திருக்கு. காலு மேல முகத்த வச்சிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். மெர்சிதான் முதலில். சிரிப்பு அடங்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

அவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நான் அவள் விரலைப் பார்த்தேன். விரல் மூலையைக் காட்டவில்லை. படத்தையே காட்டவில்லை. சட்டத்துக்கு வெளியே, சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கிற இடத்தைக் காட்டியது.

சார், “இல்லாத நாயப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா” என்றார். மறுபடி சிரிப்பு. பியூலா டீச்சர் முகம் கறுத்துவிட்டது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். ஜெனிட்டா, “பேச்சி நோட்டுல இருந்துச்சு டீச்சர்” என்றாள்.

டீச்சர் என் நோட்டைப் பிடுங்கி விரித்தார். நிஜ நோட்டு. நாய் இல்லை. பானை இருந்தது.

“இதுல எங்கடி நாயி? பொய்க்கு மேல பொய்யா? அப்ப ஜூலைல பாத்து வரைஞ்சதும் நீதானா?”

ஜெனிட்டா என் பக்கமாகத் திரும்பினாள். என் முகத்தைத் தேடினாள். அப்படித்தான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை. அவள் கண் என் தோளில், என் தலைக்குமேல், எனக்குப் பக்கத்தில் எல்லாம் போய்த் தேடியது. என்மேல் நிற்கவில்லை.

“ஆமா டீச்சர். ஜூலைலயும் நான்தான்” என்றாள்.

அழுதாள். எல்லோர் முன்னாலும். ஜூலை பதினைந்தாம் தேதி நான் கேட்டது அப்படியே கிடைத்தது.

பிறகு சார் என்னிடம் மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஏன் இல்லை என்றார். “பானை எட்டு இருக்கு சார், ஆளு ஏழுதான். அந்த இடம் வராமப் போனவளுக்கு விட்டது சார்” என்றேன். சார் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பானைகளை எண்ணினார். திரும்பி வந்து, இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எண்ணியதில்லை என்றார்.

சென்னைக்கு நான்தான்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

பியூலா டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். மதியம் எனக்கு இரண்டு முட்டை வைத்தார்கள். மெர்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கு அப்பமே தெரியும் பேச்சி, அவ சரியான கள்ளி” என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் பென்சிலை எண்ணச் சொன்னவள். ராத்திரி ஜெனிட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தட்டுக் கழுவப் போனாள். இனி அவளோடு யாரும் கை கோக்க மாட்டார்கள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதி அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். வெயிலில் தாளை மூக்கில் ஒட்டிப் பிடித்திருந்ததை நான்தான் பார்த்தேன். வாளியில் இடித்ததையும் நான்தான் பார்த்தேன். இருட்டினால் அவளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்று ஆகஸ்ட் ஏழாம் தேதி எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தெரிந்திருந்தால் மட்டும்? அவளும்தானே என்னைத் திருடி ஆக்கினாள். கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவளுக்குப் படம் முழுவதையும் சொல்லியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை? மயில் வரைந்தவளுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு நான் ஏன் பலியாக வேண்டும்?

ஆகஸ்ட் 20, சனி

வார்டன் ஜெனிட்டாவின் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறார். டி.சி. எழுதி மேஜைமேல் இருக்கிறது. ஆபீஸைப் பெருக்கப் போனபோது பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் ‘ஒழுங்கீனம்’ என்று போட்டிருக்கிறது. அவள் யாரிடமும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நாயைப் பற்றியும் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

நான் போய்ச் சொன்னால் அவளை விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பேரை மட்டும் மாற்றி அதே தாளை எனக்குக் கொடுப்பார்கள். அம்பலவாணன் சாருக்கும் தெரியும். அம்மா அந்தக் காலோடு பஸ் ஏறி வருவாள்.

எனக்காக யார் பேசினார்கள்? ஒன்பது பேரில் ஒருத்தி பேசினாளா? முப்பத்தைந்து நாள் நான் தனியாகச் சாப்பிட்டேன். அவள் வீட்டுக்குத்தானே போகிறாள். போகட்டும். நாளை எட்டு மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எட்டு மணிக்கு அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

யாரோ வராந்தாவில் நடக்கிறார்கள்.

வார்டன் என்றால் செருப்புச் சத்தம் கேட்கும். இது வெறுங்கால். நின்று நின்று வருகிறது. பெட்டி அறைக்கு வெளியே நின்றுவிட்டது. கதவிடுக்கில் என் டார்ச் வெளிச்சம் தெரிய வேண்டும். யாராக இருந்தாலும் அதைப் பார்த்து நேராகத் தட்டியிருப்பார்கள்.

இது தட்டவில்லை. ஒரு கை கதவைத் தடவுகிறது. நிலையிலிருந்து மெல்ல மெல்ல, மரம் எங்கே, சுவர் எங்கே என்று தேடிக்கொண்டு வருகிறது. இப்போது நின்றுவிட்டது. தட்டுகிறாள்